வயலுக்குள் நடந்து வந்த தோப்பு

அத்தியாயம் 6

மீன் கழுவிய தண்ணீர் ஒரு வாளி முழுக்கத் தங்கையாவின் முதுகில் வந்து விழுந்தது.

“மழைக்கோட்டு போட்டு வந்தது புண்ணியம்,” என்று திரும்பினார் அவர். “மத்தியா, அயிலையா சேச்சி?”

வேலிக்கு அந்தப் பக்கம் காலி வாளியோடு நின்ற சரோஜம்மா சிரிக்கவில்லை. “அடுத்த வாளியில கல்லு வரும். வண்டியத் திருப்பிக்கோ.”

“கல்லுன்னா குழம்புக்கு ஆகாதே!”

“அண்ணே, வாயை மூடுங்க,” என்றாள் சுபாஷிணி. ஸ்கூட்டரின் பின் சீட்டிலிருந்து இறங்கி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சேற்று வரப்பில் கால் வைத்தாள்.

சுபாஷிணி பதினெட்டு வருடம் நில அளவைத் துறையில் சங்கிலி பிடித்தவள். மேலதிகாரி ஒருவர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட மறுத்து, வேலையை உதறிவிட்டு, மட்டாஞ்சேரி கொச்சங்காடியில் ஒரு சுக்கு குடோனுக்கு மேலே துப்பறியும் அலுவலகம் திறந்திருக்கிறாள். தங்கையா அவளைவிடப் பதினாறு வயது மூத்தவர். நகராட்சியில் கொசு மருந்து அடித்து ஓய்வு பெற்று இரண்டு வருடமாக அவளுக்கு உதவியாளர். கொசுவைத் துரத்திய பழக்கத்தில் ஆளைத் துரத்த வந்துவிட்டேன் என்பார். அவர் வாய் ஓய்ந்து அவள் பார்த்ததில்லை.

செல்லானம் போகும் வழியில் காயல் என்னும் உப்பங்கழியை ஒட்டிக் கிடந்தது அந்த ஏழு ஏக்கர் பொக்காளி வயல். மழைக்காலத்தில் நெல், மழை முடிந்ததும் அதே வயலில் உப்புத் தண்ணீரை உள்ளே விட்டு இறால். இறாலின் கழிவு நெல்லுக்கு உரம், நெல்லின் தாள் இறாலுக்குத் தீனி. இப்படி ஒரு வயலை உண்டாக்க நூறு வருடம் வேண்டும். மூடுவதற்கு நாற்பது லாரி மண் போதும்.

வரப்பின் முனையில் ஒச்சம்மாள் காத்திருந்தாள். உசிலம்பட்டிக்காரி. கட்டட வேலைக்கு வந்த புருஷன் சாரத்திலிருந்து விழுந்து இறந்த பிறகு, பத்துப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு இந்த வயலைக் குத்தகைக்கு எடுத்துப் பாடுபடுகிறவள். அவள் காலடியில் ஓலைக்கூடைகள். உள்ளே முளை விட்ட விதை நெல்.

“இன்னைக்கு விட்டா நாளைக்குத்தேன் தாயி. அதுக்கு மேல மொளை அழுகிப் போகும். மழ பெஞ்சு வயல்ல உப்பெல்லாம் கழுவிருச்சு, நாக்குல வச்சுப் பாத்துட்டேன். வெதைக்கத்தேன் விடமாட்டேங்கிறாய்ங்க!”

விடாததற்குக் காரணம் வயலின் நடுவே நின்றது. பதினாலு தென்னை மரங்கள். ஒவ்வொன்றும் நாலு ஆள் உயரத்துக்கு மேல், குலை தள்ளிய மரங்கள். சுற்றிலும் மேடு, மேட்டைச் சுற்றிப் பாசி பிடித்த கல்வரிசை.

“சித்திரைத் திருவிழாவுக்கும் குலசாமி கும்பிடவும் நாங்க பதினோரு பேரும் ஊருக்குப் போனோம். போகையில இங்க ஒரு மரம் கெடையாது. திரும்பி வந்து பாத்தா தோப்பு நிக்கிது!”

நாடகம் எளிமையானது. கேரளத்தில் நெல்வயல்களுக்கு அரசு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதில் இருக்கும் நிலத்தில் ஒரு கூடை மண் கொட்டக் கூடாது. ஆனால் சட்டம் வந்த 2008-க்கு முன்பே அது வயலாக இல்லை, மேடாகிக் கரை நிலமாகி விட்டது என்று காட்டினால் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். வளைகுடாவில் இருக்கும் நில முதலாளியின் சார்பில் மனுப் போட்டிருந்தான் ஷிபு, ஒரு கட்டடக் கம்பெனிக்காக ஓடியாடுகிறவன். வில்லேஜ் ஆபீசர் வந்து பார்த்தார்; மரங்களுக்கு வயது முப்பது என்று எழுதினார். மரங்களுக்கு முப்பது வயதுதான். அதில் பொய்யே இல்லை. எங்கே முப்பது வருடம் நின்றன என்று யாரும் கேட்கவில்லை. சாட்டிலைட் படம் கேட்டால், அந்த வருடப் படத்தில் சரியாக அந்த இடத்தில் ஒரு மேகம் உட்கார்ந்திருந்தது.

அந்த மனு மீதான விசாரணை இன்று மூன்று மணிக்கு. இப்போது பதினொன்றரை.

“மரம் வந்த வழியை அக்கம்பக்கத்துல ஒருத்தரும் பாக்கலையா?” என்றாள் சுபாஷிணி.

“பாத்தோம்,” என்றாள் வேலியோரமாகவே பின்தொடர்ந்து வந்த சரோஜம்மா. “சொல்ல மாட்டோம். என்ற பர்த்தாவுக்கு நெஞ்சு வலி வந்தப்போ கசேரையில உக்கார வெச்சு இந்த வரப்பு வழியாத்தான் சுமந்தது. ரோட்டுக்கு எத்தும்போ ஆளு போயாச்சு. கம்பெனி ரோடு தராம்னு பறஞ்சிருக்கு. இந்தப் பாண்டிக்காரிகளோட நெல்லா எனக்கு ரோடு தரும்?”

அந்தக் கோபம் நியாயமானது, அதுதான் தொந்தரவு.

சுபாஷிணி மேட்டில் ஏறினாள். மரங்களை ஒவ்வொன்றாகச் சுற்றி வந்தாள். தலைக்குச் சற்று மேலே, கை எட்டும் உயரத்தில், ஒவ்வொரு மரத்திலும் வழவழப்பாகத் தேய்ந்த பள்ளம் இருந்தது.

“கயிறு தின்ன தடம்,” என்றாள். “வருஷக்கணக்கா.”

“எருமை கட்டிருப்பாங்க மேடம்.”

“இந்த உயரத்துலயா?”

“பறக்குற எருமையா இருக்கும். இவங்க தோப்பே நடந்து வரும்போது எருமை பறக்கக் கூடாதா?”

அவள் பையிலிருந்து அளவு நாடாவையும் திசைகாட்டியையும் எடுத்தாள். கால் மணி நேரம் ஏதோ குறித்தாள். பிறகு சிரித்தாள். வேலையில் இருக்கும்போது அவள் சிரிப்பது அபூர்வம்.

“அண்ணே, ஒரு கயித்துக்கு எத்தனை முனை?”

“எங்க ஊருல ரெண்டு.”

“ஒரு மரத்துல தேஞ்சா, எதிர் மரத்துலயும் அதுக்கு நேரா தேயணும். இங்க முதல் மரம் காயலைப் பாக்குது. ரெண்டாவது மரம் சரோஜம்மா வீட்டைப் பாக்குது. மூணாவது வரப்பைப் பாக்குது. ஒரு கயித்துலயும் ரெண்டு மரம் சேரலை. பஸ்ஸுல முகம் தெரியாதவங்க உக்காந்திருக்குற மாதிரி நிக்குது.”

“நடும்போது திருப்பி வெச்சுட்டானுங்க!”

“அதேதான். வேற எங்கயோ ஒரே வரிசையில நின்ன மரங்க இது. எங்கேன்னுதான் தெரியணும். அது என்ன, பட்டையில சுட்டிருக்கு?”

நாலாவது மரத்தில், இடுப்பு உயரத்தில், பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சுட்ட ஒரு சின்னக் குறி. கிண்ணம் போல ஒரு வளைவு. அதன் கீழே இரண்டு புள்ளிகள். அடுத்த மரத்திலும் அதே குறி. பதினாலிலும்.

தங்கையா குனிந்து பார்த்தார். விரலால் தடவினார். நிமிர்ந்தார். மழைக்கோட்டின் கழுத்தை இழுத்து மூடிக்கொண்டார்.

அப்போது வரப்பில் இரண்டு பேரோடு ஷிபு வந்தான். கறுப்பு டீ-ஷர்ட், தலைக்கு மேல் குடை பிடிக்க ஓர் ஆள்.

“மேடத்துக்கு வழி தவறிப்போச்சோ? இது பிரைவட் பிராப்பர்ட்டி.”

“குத்தகைக்காரி கூப்பிட்டா, வந்தேன். இந்தக் குறி என்ன சார்?”

ஷிபு ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. “முதலாளியோட அப்பச்சன் வெச்ச சூடு. அவங்க குடும்பக் குறி. வேற ஒருத்தனுக்கும் இந்தக் குறி கிடையாது. போதுமா?”

“விசாரணையிலயும் இதையே சொல்வீங்களா?”

“எழுதியே தருவேன். மூணு மணிக்கு அப்புறம் இங்க லாரி வரும். அதுக்கு முன்னாடி அந்தக் கூடையெல்லாம் எடுத்துட்டுப் போகச் சொல்லு. இல்லேன்னா மண்ணோட மண்ணா நானே வெதைச்சுத் தர்றேன்.”

ஒச்சம்மாள் முந்தானையை இறுக்கிக்கொண்டு முன்னே வந்தாள். சுபாஷிணி அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

*

ஸ்கூட்டர் தோப்பும்படி ஜங்ஷனைத் தாண்டும்வரை தங்கையா பேசவில்லை. ஒரு லாரிக்காரன் குறுக்கே வந்தான், திட்டவில்லை. ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டினார், கிண்டல் செய்யவில்லை.

“வண்டியை ஓரமா நிறுத்துங்க,” என்றாள் சுபாஷிணி.

நிறுத்தினார்.

“ரெண்டு வருஷமா உங்க முதுகுக்குப் பின்னாடிதான் உக்காந்து வர்றேன். காத்து அடிச்சா உங்க சட்டைக் காலர் மேல எழும்பும். உள்பக்கம் ஒரு கிண்ணம், கீழ ரெண்டு புள்ளி. நான் சொல்லணுமா, நீங்க சொல்றீங்களா?”

தங்கையா மழைக்கோட்டின் தொப்பியைக் கழற்றினார். திடீரென்று வயதானவராகத் தெரிந்தார்.

“எங்க குடும்பத்துச் சலவைக்குறி மேடம். சேங்கொட்டை மையில போடுறது. எத்தனை தடவை துவைச்சாலும் போகாது. சுள்ளிக்கல்லுல துணி காயப்போடுற மைதானம் இருந்துச்சே, அதுல கிழக்கு வரிசை எங்களுது. அந்தப் பதினாலு கன்னும் நானும் அண்ணனும் நட்டது. எனக்குக் கல்யாணம் ஆன வருஷம். கயித்துக்குச் சண்டை வரக் கூடாதுன்னு அண்ணன்தான் குறி சுட்டுச்சு. ஏப்ரல்ல மைதானத்தை வித்துட்டாங்க, பிளாட் வருதுன்னு. மரத்தையும் வெட்டியிருப்பாங்கன்னுதான் நெனச்சேன்.”

“ஷிபுவுக்கு அது சலவைக்குறின்னு தெரியாதா?”

“மாட்டுக் குறின்னு நெனச்சிருப்பான். துணியைக் கொடுத்து வாங்குறவன் என்னைக்கு மேடம் காலருக்கு உள்ள பாத்திருக்கான்?”

“உங்க அண்ணன் சாட்சி சொன்னா போதும். வண்டியை எடுங்க.”

“சொல்ல மாட்டான்,” என்றார் தங்கையா. ஆனாலும் வண்டியை எடுத்தார்.

*

சுள்ளிக்கல்லில் ஒரு தகரக் கொட்டகை. மைதானத்தில் காய வேண்டிய துணியெல்லாம் உள்ளே குறுக்கும் நெடுக்குமாகத் தொங்கியது. மூன்று மின்விசிறிகள் சுற்றியும் ஈரவாடை போகவில்லை. தேய்ப்பு மேசைக்குப் பின்னால் செல்லதுரை நின்றார். அறுபத்தைந்து வயது. கரிப்பெட்டியைத் தூக்கித் தூக்கி வலது தோள் இறங்கியிருந்தது.

தம்பியைப் பார்த்ததும் இஸ்திரிப் பெட்டியை டங்கென்று வைத்தார்.

“சாயா குடிக்க வந்தியா, சாட்சி கேக்க வந்தியா?”

“மரத்தை ஏண்ணே கொடுத்தே?”

“கேக்குறான் பாரு சர்க்கார் உத்தியோகஸ்தன்! மைதானம் போச்சு. பத்துக் குடும்பம் நடு ரோட்டுல நிக்குது. அந்த வயலை மேடாக்கினா ஒரு மூலையில துணி காயப்போட இடம் தர்றேன்னு ஷிபு சொன்னான். கயிறு கட்டிக்கலாம்னு சொன்னான். மரத்தைக் கேட்டான், கொடுத்தேன். வேற எவன்டா எங்களுக்கு இடம் தர்றேன்னு சொன்னான்? நீ சொன்னியா?”

“எழுதிக் கொடுத்தானா ஐயா?” என்று கேட்டாள் சுபாஷிணி.

“எழுத்தை நம்பித்தான் அந்த மைதானத்துல நாப்பது வருஷம் துவைச்சோமா? நீங்க அந்தப் பதினோரு பேருக்காக வந்திருக்கீங்க. அந்தப் பொம்பளைங்க பாவம்தான். எங்க வீட்டுப் பொம்பளைங்க மட்டும் என்ன பாவம் இல்லையா?”

“அண்ணே, உன் குறியைக் காட்டி அதை முதலாளி குடும்பத்துக் குறின்னு சொல்றான்ணே!”

செல்லதுரையின் முகம் ஒரு கணம் மாறியது. உடனே இறுகியது.

“சொல்லட்டும். நான் அங்க வரமாட்டேன். ஊருல பாதிப் பேர் சட்டையில என் குறி இருக்கு. அதுக்காக எல்லாரும் எனக்குத் தம்பியா? இன்னைக்குக் காலைல கூட ஒரு பெரிய மனுஷன் வெள்ளைச் சட்டைக்குக் கஞ்சி போட்டு வாங்கிட்டுப் போனான், விசாரணைக்குப் போறேன்னு. கெளம்புங்க ரெண்டு பேரும். டேய் தங்கையா, நீ அங்க போய் வாயைத் தொறந்தேன்னா, அதோட நமக்குள்ள ஒண்ணுமில்ல. தெரிஞ்சுக்கோ.”

தங்கையா வெளியே வந்து மழையில் நின்றார். சுபாஷிணி மட்டும் வாசலில் தயங்கி, திரும்பிச் செல்லதுரையைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்து ஒரு வேட்டியை மடித்துக்கொண்டிருந்தார். ஏற்கனவே மடித்திருந்த வேட்டி அது.

“வாய் தவறிச் சொன்னாரா, வேணும்னே சொன்னாரான்னு தெரியலை,” என்றாள் ஸ்கூட்டரில் ஏறும்போது.

“என்ன சொன்னான்? போகச் சொன்னான்!”

“அதுக்கு முன்னாடி. சரி, விடுங்க. மணி ரெண்டேகால்.”

*

வருவாய்த் துறை விசாரணை அறையின் சுவரில் வரப்போகும் இருபது வருடங்களுக்கான திட்ட வரைபடம் தொங்கியது. வீடுகளுக்கு மஞ்சள், கடைகளுக்கு நீலம், வயலுக்குப் பச்சை. துணி காயப்போடுகிறவனுக்கு அதில் நிறமே இல்லை. சரோஜம்மாவுக்கு வேண்டிய ரோடும் இல்லை. அந்த இரண்டு வெற்றிடங்களைத்தான் ஷிபு மாதிரி ஆட்கள் தேடிப் பிடித்து உட்கார்ந்துகொள்கிறார்கள் என்று சுபாஷிணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதிகாரி மஞ்சுஷா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். கயிற்றுத் தடத்தின் திசைகளை எல்லாம் சுபாஷிணி வரைந்து காட்டினாள்.

“காத்துல மரம் முறுக்கிக்கும் மேடம்,” என்றான் ஷிபு. இப்போது அவன் மேல் பளபளவென்று கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. “இவங்க கதைக்கு ஆதாரம் எங்கே? மரத்தைப் பாருங்க. முதலாளி குடும்பத்துக் குறி ஒவ்வொண்ணுலயும் இருக்கு.”

“அந்தக் குறி வேற யாருகிட்டயும் கிடையாதுன்னு காலைல சொன்னீங்க,” என்றாள் சுபாஷிணி. “எழுதித் தர்றேன்னும் சொன்னீங்க.”

“இப்பவே தர்றேன்!”

எழுதினான். குறியைப் படமாகவும் வரைந்தான். கையெழுத்துப் போட்டுப் பெருமையாக மேசைமேல் தள்ளினான். மஞ்சுஷா அதில் முத்திரை குத்தினார்.

“நன்றி மேடம்,” என்றாள் சுபாஷிணி. “இனி ஷிபு சாரோட சட்டைக் காலரை உள்பக்கம் பாருங்க.”

“என்ன விளையாட்டு இது?” ஷிபு எழுந்தான். “ஒரு ஆம்பளை சட்டையில கை வைக்க…”

குத்தகைக்காரியாக வந்து அவன் பின்னால் நின்ற ஒச்சம்மாள் அதற்குள் கை வைத்துவிட்டாள். “சும்மா நில்லுய்யா, ஒங்க அம்மா தொட்டதில்லையா!” என்று காலரைப் புரட்டினாள்.

வெள்ளைத் துணியில் கறுப்பு மை. ஒரு கிண்ணம். கீழே இரண்டு புள்ளிகள்.

மஞ்சுஷா கையிலிருந்த தாளைப் பார்த்தார், காலரைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார்.

“முதலாளி குடும்பம் உங்களையும் நட்டு வளர்த்ததா மிஸ்டர் ஷிபு?” என்று மலையாளத்தில் கேட்டார்.

ஷிபு பதில் தேடுவதற்குள் தங்கையா முன்னால் வந்தார். மழைக்கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். சட்டைக் காலரைத் தானே புரட்டிக் காட்டினார். சுபாஷிணி ஒரு கிண்டலை எதிர்பார்த்தாள். வரவில்லை.

“இது எங்க குடும்பத்துச் சலவைக்குறி. மரமும் நானும் எங்க அண்ணனும் நட்டது. சுள்ளிக்கல் மைதானத்துல கிழக்கு ஓரமாப் போய்ப் பாருங்க. ஒரே வரிசையில பதினாலு குழி இருக்கும், அறுந்த வேரோட. நான் கையெழுத்துப் போடுறேன்.”

போட்டார்.

மஞ்சுஷாவின் உத்தரவு நாலே வரி. மனு நிறுத்தி வைக்கப்பட்டது. குழிகளையும் மரங்களையும் சேர்த்து ஆய்வு செய்ய வேண்டும். அதுவரை ஒரு கூடை மண்கூட வயலுக்குள் போகக் கூடாது. குத்தகைக்காரிகள் விதைக்கலாம்.

ஒச்சம்மாள் அதிகாரியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஷிபு வெளியே போகும்போது தங்கையாவின் தோளை இடித்துக்கொண்டு போனான். “உன் அண்ணனுக்கு இனி கொட்டகையும் இருக்காது,” என்றான் காதோரமாக.

*

மறுநாள் விடிந்ததும் பதினோரு பெண்களும் வயலில் இறங்கினார்கள். சரோஜம்மா வேலியோரம் வாளியோடு நின்றாள். ஊற்றவும் இல்லை, வாழ்த்தவும் இல்லை. அவளுக்கு இன்னும் ரோடு வரவில்லை.

பத்து மணிக்குக் கொச்சங்காடி அலுவலகத்தில் சுபாஷிணி ஒரு மனு எழுதிக்கொண்டிருந்தாள். திட்ட வரைபடத்தில் சலவைக்காரர்களுக்கு ஓர் இடமும், வயலைத் தொடாமல் சரோஜம்மா வீட்டுப் பக்கமாக ஒரு வழியும் ஒதுக்க வேண்டும் என்று. பத்துக் குடும்பத்தின் பெயர்களையும் தங்கையா சொல்லச் சொல்ல எழுதினாள். முதல் பெயர் செல்லதுரை.

படியில் காலடிச் சத்தம் கேட்டது. கீழே குடோனில் மூட்டை தூக்குகிற ஒருவர் ஒரு பொட்டலத்தை வைத்துவிட்டுப் போனார். “சுள்ளிக்கல்லுல இருந்து கொடுத்தாங்க,” என்றார்.

தங்கையா பிரித்தார். போன வாரம் துவைக்கப் போட்ட அவருடைய ஆறு சட்டைகள். நன்றாகத் துவைத்து, கஞ்சி போட்டு, முனை முறியாமல் தேய்த்து மடித்து வந்திருந்தன.

“பாத்தீங்களா மேடம்! கோவத்துலயும் அண்ணன் தேய்ப்புல குறை வைக்கலை,” என்று சிரித்துக்கொண்டே முதல் சட்டையை உதறினார்.

சிரிப்பு நின்றது. அடுத்த சட்டையை எடுத்தார். அதற்கடுத்ததையும்.

ஆறு சட்டையிலும் காலருக்கு உள்ளே, குறி இருந்த இடத்தில், கத்தரிக்கோலால் ஒழுங்காக வெட்டி எடுத்த ஒரு சதுர ஓட்டை இருந்தது.

சுபாஷிணி பேனாவை மூடி வைத்தாள். தங்கையா அந்த ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

“காத்தோட்டமா இருக்கும்,” என்றார். அந்தக் கிண்டல் அவருக்கே பிடிக்கவில்லை. ஆறு சட்டைகளையும் பழைய மடிப்பிலேயே மடித்து மடியில் வைத்துக்கொண்டார். “மனுவுல அண்ணன் பேரை எடுத்துடாதீங்க மேடம். முதல்லயே இருக்கட்டும்.”